ஐப்பசிக்கு முன் வீட்டுப் பாலிசியை எடுத்துப் படியுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் வீடு. முன்கட்டு பழைய ஓட்டு வீடு. பின்கட்டு வங்கிக் கடனில் தளம் போட்டுக் கட்டியது. கடன் தரும்போதே இன்சூரன்ஸுக்கு என்று ஒரு தொகை பிடித்துக்கொண்டார்கள். கஜாவில் ஓடெல்லாம் பறந்து கஷ்டப்பட்டோம். மழைக்கு அந்த இன்சூரன்ஸ் போதுமா?

பதில்: பீரோவில் இருக்கும் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கடனோடு வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. சுவர் இடிந்தாலும் ஓடு பறந்தாலும் அதில் ஒரு ரூபாய்கூட வராது. இன்னொன்று, கட்டடத்துக்கு மட்டுமான காப்பீடு. அதிலும் எந்தக் கட்டு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கடன் பின்கட்டுக்கு என்பதால் முன்கட்டு விட்டுப்போயிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்தக் குழப்பம்தான்.

வீட்டுக்கென்று தனியாக எடுப்பதென்றால் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று கேளுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே விதிமுறையில் விற்கும் பாலிசி இது. புயல், வெள்ளம், இடி விழுவது, மரம் சாய்ந்து வீட்டின் மேல் விழுவது எல்லாம் இதில் உண்டு. தொகையைக் கணக்கிடும்போது மனை விலையைச் சேர்க்கக் கூடாது. இடிந்தால் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. 1,000 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம். கட்டடம், பொருள் இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால் பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், கூடுதலாக வீட்டுப் பொருட்களுக்கு உண்டு. இப்படி வரும் தொகைக்கு உச்ச வரம்பு 10 லட்சம். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். முன்கட்டு ஓட்டுக் கூரை என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கொல்லையில் கீற்றுக் கொட்டகை இருந்தால் அது சேருமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

திடீரென்று நேர்ந்த சேதத்துக்குத்தான் காப்பீடு பணம் தரும். நாலு வருஷமாகச் சுவரில் ஓதம் ஏறிக் காரை உதிர்வதற்குத் தராது. அதனால் ஓடு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். உடைந்த ஓடு, இற்றுப்போன ரீப்பர், முகட்டுப் பூச்சில் விட்ட வெடிப்பு, மூன்றையும் ஐப்பசி அடைமழைக்கு முன் சரிசெய்யுங்கள். முற்றத்துத் தூம்பிலும் மாடித் தளத்துத் தண்ணீர்க் குழாயிலும் சருகு அடைத்திருக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டைப் பார்த்துச் சாய்ந்த தென்னையை, மனசு கேட்காவிட்டாலும், வெட்டிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வோர் அறையையும் கூரையையும் செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள். கொத்தனார் கூலி, ஓடு வாங்கிய ரசீது எல்லாம் அதோடு போகட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை அருகே என் உறவினர் வீட்டு ஓட்டின் மேல் தென்னை விழுந்தது. பாலிசி இருந்தது. ஆனால் சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வருவதற்குள் மரத்தை அறுத்து, உடைந்த ஓட்டை வாரிக் கொட்டிவிட்டார்கள். வீடு முன்பு நல்ல நிலையில் இருந்தது என்று காட்ட ஒரு படம்கூட இல்லை. கேட்டதில் கால்வாசிகூட வரவில்லை. மழை ஒழுகும்போது தார்ப்பாய் போட வேண்டியதுதான், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் முதலில் படம் எடுங்கள், உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி க்ளைம் எண் வாங்குங்கள். உடைந்ததை சர்வேயர் பார்க்கும்வரை ஓர் ஓரமாகக் குவித்துவையுங்கள்.

கேள்வி: நான் கும்பகோணத்தில் வாடகைக்கு இருக்கிறேன். வீடு என்னுடையது இல்லையே, நான் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். பொருட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும், கட்டடம் வீட்டுக்காரர் பாடு. ஒன்றைக் கவனியுங்கள்: கரண்ட் ஏறி இறங்கி ஃப்ரிட்ஜோ டிவியோ கருகினால் இந்தப் பாலிசியில் வராது. மழை வலுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வரட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: க்ளைம் கேட்டுப் பதிலே இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். வழி தெரியாவிட்டால் 155255 என்ற எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் எண் அது.

கேள்வி: வாய்க்கால் உடைந்து தெருவில் தண்ணீர் வந்தால் காருக்கும் வீட்டுப் பாலிசியே போதுமா?

பதில்: போதாது. காருக்கு அதன் சொந்தப் பாலிசிதான், அதுவும் தேர்டு பார்ட்டி (பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) மட்டும் என்றால் வெள்ளச் சேதம் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜினுக்கென்று தனியாகச் சேர்த்திருந்தால் ஒழியப் பணம் கிடைப்பது கஷ்டம். ஸ்டார்ட் செய்யாமல் மேட்டுக்குத் தள்ளிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.