கேஸ் அடுப்பின் குமிழ் கைதவறித் திரும்பாமல் இருக்க நாப் கவர் போதுமா?

நடக்கத் தொடங்கிய குழந்தையும் மறதி கூடிவரும் மாமியாரும் உள்ள வீட்டில், புடவைத் தலைப்பு பட்டால்கூட அடுப்பின் குமிழ் திரும்பிவிடுகிறது, குமிழை மூடும் உறையான நாப் கவர் வாங்கி மாட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் கருத்து. சமையல் முடிந்ததும் அடுப்புக்கு வரும் வாயுவையே நிறுத்திவிடுவதுதான் முதல் காரியம்; கவரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் மும்பை செம்பூரில் வசிக்கிறேன். சிலிண்டர் இருந்த காலத்தில், இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டமாக இருந்தது. மகாநகர் கேஸ் நிறுவனத்தின் குழாய்வழி வாயு வந்ததும் அந்த வழக்கம் மெல்ல நின்றுபோயிற்று. குழாயில் வருவதை யார் மூடுவது என்ற எண்ணம்தான் காரணம். அடுப்புக்குச் செல்லும் ரப்பர் குழாய் தொடங்கும் இடத்தில் சிறிய கைப்பிடியுடன் ஒரு வால்வு இருக்கும். கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது என்பதால், கூடத்தில் நின்றபடியே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் அது மிக்ஸிக்குப் பின்னால் மறைந்து கிடந்தது; மிக்ஸியை எதிர்ப்பக்கம் நகர்த்திய பிறகுதான் எல்லோருக்கும் அதை மூடும் பழக்கம் வந்தது.

அடுத்து, உங்கள் குமிழையே சோதித்துப் பாருங்கள். இப்போதைய அடுப்புகளில் பெரும்பாலானவை குமிழை உள்ளே அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும். வால்வை மூடிவிட்டு, ஒவ்வொரு குமிழையும் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். திரும்பினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அடுப்பு பழுது பார்ப்பவரை அழைத்துச் சரிசெய்ய வேண்டுமே தவிர, அதன் மேல் கவரை மாட்டிப் பயனில்லை. புடவை பட்டே திரும்புகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

லைட்டரால் பற்றவைக்கும் அடுப்பில் குமிழ் திரும்பினால் வாயு கசியும். ஆட்டோ இக்னிஷன் அடுப்பிலோ தீயே பற்றிக்கொள்ளும். புதிய அடுப்பு வாங்குவதாக இருந்தால், சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் அமைப்பு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பர்னரின் ஓரத்தில் நிற்கும் சிறு கம்பி போன்ற பாகம் சூடாக இருக்கும்வரைதான் அதன் வால்வு திறந்திருக்கும் என்பதால், குமிழ் தவறுதலாகத் திரும்பிச் சுடர் பிடிக்காமல் போனால் வாயு தொடர்ந்து வராது. ஆனால் சுடர் பிடித்துவிட்டால் இந்த அமைப்பு எதையும் தடுக்காது. ஆகவே அணைந்த அடுப்பின் மேல் சப்பாத்தி டப்பா, கைப்பிடித் துணி, செய்தித்தாள் என்று எதையும் வைக்கக் கூடாது. மும்பைச் சமையலறைகளில் மேடை ஒரு முழ நீளம் என்பதால் இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். இருந்தாலும் வேறு வழியில்லை.

கவர் வீண் என்று நான் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனத்தின் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் அடுப்புகள், மனிதர்களோ வளர்ப்பு விலங்குகளோ மோதினால் முன்பக்கக் குமிழ் திரும்பிவிடுகிறது என்ற காரணத்தால் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளானபோது, நிவாரணமாகக் கொடுக்கப்பட்டவை குமிழுக்கான பூட்டுகளும் கவர்களும்தான். குழந்தையின் கைக்கு அது நல்ல தடை. செலவில்லாமல் வேண்டுமென்றால், பல அடுப்புகளில் குமிழை நேராக இழுத்தாலே கழன்று வந்துவிடும். கழற்றி மேல் அலமாரியில் வைத்துவிடலாம்.

மாமியாருக்குக் கவரும் பூட்டும் பொருந்தாது. விடியற்காலையில் காபி போட வருபவர் குமிழைக் காணாமல் தவிப்பார், அல்லது இடுக்கியைத் தேடி எடுப்பார். அவருக்கு டைமர் உள்ள இண்டக்ஷன் அடுப்பு ஒன்றைத் தனியாகக் கொடுத்து, கேஸ் வால்வை மட்டும் மூடி வையுங்கள். பாத்திரத்தை எடுத்துவிட்டால் அது சூடேற்றுவதை நிறுத்திவிடும், பால் வைத்ததை மறந்தாலும் டைமர் அணைத்துவிடும். தண்ணீர் சிந்தினால்கூட அதன் தொடு பொத்தான்கள் சில நேரம் வேலை செய்துவிடும் என்பதால், காபி முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை அணைக்க மட்டும் வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.