பாசி ஏன் திட்டுத் திட்டாக?

கேள்வி: செயற்கைக்கோள் படங்களில் கடலின் நுண்பாசி திட்டுத் திட்டாகத் தெரிகிறதே! அலையும் நீரோட்டமும் ஓயாமல் கலக்கும்போது சீராகப் பரவியிருக்க வேண்டாமா? இதற்கெல்லாம் கணக்கு உண்டா?

பதில்: உண்டு. 1953-இல் கியர்ஸ்டெட், ஸ்லோபோட்கின் என்ற இருவர் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. திட்டுக்குள் பாசி பெருகுகிறது. கலக்கல் அதை ஓரம் வழியாக வெளியே தள்ளுகிறது. வெளியே போனது பிழைக்காது. பரவல் கெழுவை (கலக்கல் பாசியை எவ்வளவு வேகமாகப் பரப்புகிறது என்பதன் அளவு) பெருகும் வீதத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, π-ஆல் பெருக்கினால் ஒரு அகலம் வரும். அதைவிடக் குறுகிய திட்டு கரைந்துபோகும். நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாசி, பரவல் விநாடிக்கு 1 சதுர மீட்டர் என்றால் சுமார் 1.1 கிலோமீட்டர்.

சரி, எந்தத் திட்டு பிழைக்கும் என்று தெரிந்துவிட்டது. திட்டு எப்படி உண்டாகிறது? 2001-இல் யங், ராபர்ட்ஸ், ஸ்டூன் மூவரும் சொன்ன பதில் வேடிக்கையானது. நான் கம்ப்யூட்டரில் ஓட்டியும் பார்த்திருக்கிறேன். திரை முழுக்கப் புள்ளிகளைச் சீராகத் தூவுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் காசு சுண்டுங்கள்: தலை விழுந்தால் அதே இடத்தில் இரண்டாகும், பூ விழுந்தால் மறையும். அப்புறம் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே ஏதோ ஒரு திசையில் கொஞ்ச தூரம் நகரட்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இவ்வளவுதான் விதி. உணவு, வெளிச்சம், எதிரி எதுவும் கிடையாது. சராசரிக்கான சமன்பாடு ‘சீராகவே இருக்கும்’ என்று அடித்துச் சொல்கிறது. திரையிலோ கொஞ்ச நேரத்தில் அங்கங்கே கொத்து, நடுவில் வெட்டவெளி!

காரணம் இதுதான்: சாவு எங்கும் வரலாம், பிறப்பு தாய்க்குப் பக்கத்தில் மட்டுமே. பல குடும்பங்கள் அடியோடு அழிய, மிஞ்சிய சிலவற்றின் வாரிசுகள்தான் அந்தக் கொத்துகள். புள்ளிகள் நகரும் தூரத்தைக் கூட்டினால் கொத்து தளரும்.

நிஜக் கடல் இதைவிடச் சிக்கலானது. நீரோட்டம் கலக்குவதோடு நிற்காது, இழுத்து நீட்டவும் செய்யும். 1999-இல் தென்பெருங்கடலில் ஆய்வுக்காக இரும்புச்சத்தைக் கரைத்தார்கள். அங்கே பெருகிய பாசி, சில வாரங்களில் செயற்கைக்கோள் படத்தில் சுமார் 150 கிலோமீட்டர் நீள நாடாவாகத் தெரிந்தது. காசு சுண்டும் கணக்கில் அந்த நாடா வராது. அதற்கு நீரோட்டத்தையும் சேர்க்க வேண்டும். ஆனாலும் திட்டைக் கண்டதும் ‘அங்கே சத்து அதிகம்’ என்று முடிவு கட்டுபவரிடம், இந்தப் புள்ளிகளை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். நிரல் இருபது வரியைத் தாண்டாது.