மானியம் கைக்கு வருமா?

கேள்வி: எங்கள் கிராம ஊராட்சியில் மசாலாப் பொடி அரைக்கும் தொழில் தொடங்க ரூ.10 லட்சம் ஆகும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்ணான எனக்கு மானியம் எவ்வளவு? ரொக்கமாகத் தருவார்களா?

பதில்: ஊரகப் பகுதிப் பெண்களுக்கு 35 சதவீதம், அதாவது ரூ.3.5 லட்சம். உங்கள் பங்கு 5 சதவீதம், ரூ.50,000. மீதி ரூ.9.5 லட்சத்தை வங்கி கடனாகத் தரும்.

மானியம் கைக்கு வராது. உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாக வங்கியிலேயே இருக்கும். அதற்கு வட்டி கிடையாது. கடனில் அதே அளவு தொகைக்கு உங்களிடமும் வட்டி வாங்கக் கூடாது. இதைக் கணக்கறிக்கையில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். 3 ஆண்டு கழித்து, தொழில் நடப்பதை நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே கடனில் கழிப்பார்கள்.

பலர் சறுக்குவது திட்ட அறிக்கையில்தான். நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. நடைமுறை மூலதனத்தை, அதாவது சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணத்தை, பெரிதாகக் காட்டாதீர்கள். அதற்கு வங்கி தரும் கடன் வரம்பை 3 ஆண்டுக்குள் ஒருமுறையாவது முழுதாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இது பொருந்தாது என்பதால், கடன் அனுமதிக்கு முன்பே அரவை இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். கணவரோ நீங்களோ, குடும்பத்தில் ஒருவருக்குத்தான். திட்டச் செலவு ரூ.10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள்.