மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி எதிரணிகளின் சைகையைத் திருடித்தான் 2023ல் கோப்பை வாங்கியதா?

திருடியது உண்மை. ஆனால் கோப்பை அதனால்தான் வந்தது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கம் குடியிருப்பவன், ஊர்ப்பாசம் கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அப்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் கிடையாது. அடுத்து என்ன ஆடுவது என்பதை மைதான ஓரத்தில் நின்று கையை ஆட்டியும், படம் ஒட்டிய அட்டையைத் தூக்கியும்தான் சொல்வார்கள். ஆட்டத்தின்போதே எதிரணி அதைக் கவனித்துக் கண்டுபிடித்தால் தப்பே இல்லை. இனிமேல் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி வேவு பார்ப்பதுதான் 1994 முதல் தடை.

கானர் ஸ்டாலியன்ஸ் என்ற மிச்சிகன் ஊழியர் (முன்னாள் மரீன் அதிகாரி) அதைத்தான் செய்தார். மூன்று சீசனில் 52 ஆட்டங்களில் தெரிந்தவர்களை உட்கார வைத்து, எதிரணி ஓரத்தைப் போனில் படம் பிடிக்க வைத்தார். 2023 அக்டோபரில் விஷயம் வெளியே வந்ததும் ரசிகர்கள் துப்பறியக் கிளம்பினார்கள் பாருங்கள், செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆடிய சென்ட்ரல் மிச்சிகன் அணியின் (இரண்டுமே வேறு பல்கலைக்கழக அணிகள்) ஓரத்தில், அந்த அணியின் உடையிலேயே, ராத்திரியில் கூலிங் கிளாஸ் போட்டு நின்ற ஒருவரை வட்டம் போட்டுக் காட்டினார்கள். யாரோ அப்பாவியைப் பிடித்துவிட்டார்கள் என்று சிரித்தேன். கடைசியில் அது அவரேதான்!

அது பலித்ததும் எல்லாருக்கும் தலைக்கேறிவிட்டது. எங்கள் பரம எதிரி அணியான ஓஹயோ ஸ்டேட் ஆட்கள்தான் டிடெக்டிவ் வைத்துப் போட்டுக் கொடுத்தார்கள் என்று எங்கள் பக்கம், மிச்சிகன் ஜெயித்தது எல்லாமே திருட்டு என்று அவர்கள் பக்கம். என்கூட வேலை பார்க்கும் ஓஹயோக்காரர் இன்னும் அதையேதான் சொல்கிறார்.

சரி, ஸ்டாலியன்ஸ் நவம்பர் 3 அன்றே ராஜினாமா செய்துவிட்டார். தலைமை கோச் ஜிம் ஹார்பாவுக்கும் லீக்கின் கடைசி 3 ஆட்டங்களில் தடை. அப்புறமும் பென் ஸ்டேட்டை 24-15 என்று ஜெயித்தார்கள், அதுவும் தொடர்ந்து 32 முறை பந்தை வீசாமல் ஓடியே. ஓஹயோ ஸ்டேட்டை 30-24, இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 34-13. இதில் எந்தச் சைகை உதவியது? ஆனால் 2021லும் 2022லும் ஓஹயோவை அடித்ததைப் பற்றி யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அப்போது ஸ்டாலியன்ஸ் முழு வீச்சில் இருந்தார்.

2025 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் NCAA அமைப்பின் தீர்ப்பு வந்தது. பெரிய அபராதம், ஹார்பாவுக்கு 10 வருஷம், ஸ்டாலியன்ஸுக்கு 8 வருஷம் கல்லூரி அணிகளில் வேலை பார்க்கக் கட்டுப்பாடு, கோப்பையில் மட்டும் கை வைக்கவில்லை. ஸ்டாலியன்ஸ் தன் போனைக் குளத்தில் தூக்கிப் போட்டதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து ஓஹயோக்காரர் எந்தக் குளத்தைப் பார்த்தாலும் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்.