கம்யூனிசத்துக்குப் பிந்தைய பொருளாதாரங்கள்: சமூகப் புவியியலாளரிடம் கேள்வி பதில்

கேள்வி: முதுகலை கடைசி ஆண்டு படிக்கிறேன் மேடம். போலந்தை எடுத்து முனைவர் பட்டம் செய்ய ஆசை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: போலிஷ் படியுங்கள், களத்துக்குப் போகும் முன் இரண்டு ஆண்டாவது. அடுத்து, நாட்டை எடுக்காமல் ஓர் ஊரை எடுங்கள். புவியியலாளர்கள் அலிசன் ஸ்டென்னிங், ஏட்ரியன் ஸ்மித் குழுவினர் எடுத்தது போலந்தின் கிராக்கூ நகரிலுள்ள நோவா ஹூத்தாவையும் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவின் பெத்ர்ஷல்கா குடியிருப்பையும். நோவா ஹூத்தா 1949 முதல் எஃகு ஆலைக்காகக் கட்டப்பட்ட நகரம். ஆலையில் ஆட்குறைப்பு நடந்தபின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அதை வீடு வீடாகத்தான் கேட்க முடியும்.

கேள்வி: போலந்தின் மாகாண வேலையின்மையை 1992 முதல் 2005 வரை வரைபடமாக்கினேன். 1999-இல் எல்லாமே உடைகிறது. ஏன்?

பதில்: எல்லை மாறியது. 1999 ஜனவரி 1 அன்று 49 மாகாணங்கள் 16 ஆயின. மாவட்டங்களும் அன்றுதான் திரும்ப வந்தன. எனவே கீழே, கிமினா என்னும் உள்ளாட்சி அலகுக்கு இறங்குங்கள். சுமார் 2,500 இருக்கின்றன. பழைய ஆண்டுகளின் கிமினா எண்களை இன்றைய மாவட்டத்துக்குள் கூட்டுங்கள். இடையில் ஒரு கிமினா இரண்டாகப் பிரிந்திருந்தால், எல்லா ஆண்டுகளுக்கும் இரண்டையும் சேர்த்தே வையுங்கள். விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஆள் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு விகிதத்தைக் கடைசியில் கணக்கிடுங்கள்.

உக்ரைனிலும் இதே சிக்கல்: 2020-இல் 490 ராயோன்கள் (மாவட்டங்கள்) 136 ஆயின. எந்த நாடானாலும், எல்லை மாறியதா என்று பார்க்காமல் கோடு வரையாதீர்கள்.

கேள்வி: மொழி தெரியாமல் மொழிபெயர்ப்பாளரை வைத்து முடிக்கலாமா?

பதில்: முடியாது. பதிவுசெய்யாத வேலையைப் பற்றி மூன்றாம் ஆள் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில் ரஷ்ய ஏழைகள் தாச்சா என்னும் ஊர்ப்புறத் தோட்ட வீட்டில் விளைந்த உருளைக்கிழங்கால்தான் பிழைத்தார்கள் என்று எழுதலாமா?

பதில்: கூடாது. சோவியத் காலத்தில் 600 சதுர மீட்டர் துண்டு நிலம் பெரும்பாலும் வேலை செய்த நிறுவனம் வழியாகக் கிடைத்தது. விதைக்கிழங்கு, ரயில் கட்டணம், சேமிக்க நிலவறை, உடல் வலு எல்லாம் வேண்டும். பரம ஏழையிடம் இவையே இல்லை.

கேள்வி (வேறொருவர்): ஏற்க முடியவில்லை மேடம். அந்தப் பத்தாண்டின் இறுதியில் ரஷ்ய உருளைக்கிழங்கில் சுமார் 90 சதவீதம் வீட்டு நிலங்களில் விளைந்ததே!

பதில்: சரியான எண்தான். ஆனால் அது எவ்வளவு விளைந்தது என்பதைச் சொல்கிறது, யார் வீட்டில் என்று சொல்லவில்லை. கேள்வித்தாளில் இப்படிக் கேளுங்கள்: போன குளிர்காலத்துக்கு எத்தனை மூட்டை வைத்தீர்கள்? நிலம் யாருடையது? தோண்டப் போனது யார்? பயணத்துக்கு எவ்வளவு ஆனது? எத்தனை மூட்டை யாருக்குக் கொடுத்தீர்கள்? "தோட்டம் உண்டா" என்று மட்டும் கேட்டால், ஓய்வுநேரத்துக்கு ரோஜா வளர்ப்பவரும் பிழைப்புக்காகப் பயிரிடுபவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள்.

கேள்வி (அவரே): அப்படியென்றால் தோட்டத்துக்குப் பொருளாதார மதிப்பே இல்லையா?

பதில்: நிறைய இருக்கிறது. கிராமத்துப் பெற்றோர் நகரத்து மகளுக்கு மூட்டை அனுப்புகிறார்கள். மகள் மருந்து வாங்கித் தருகிறாள். இந்தக் கொடுக்கல் வாங்கலை வரைபடமாக்குவதுதான் நம் வேலை. அந்த வலையில் இடமில்லாதவர்தான் உண்மையில் தவித்தவர்.

கேள்வி: 1980 முதல் 2000 வரை ஜிடிபியை ஒரே கோடாக வரையலாமா?

பதில்: வேண்டாம். கம்யூனிச காலக் கணக்கு ஜிடிபி அல்ல, நிகரப் பொருள் உற்பத்தி; பள்ளி, மருத்துவமனை போன்ற சேவைகள் அதில் சேராது. பதிவுபெற்ற வேலையின்மையையும் நம்பாதீர்கள்: ரஷ்யாவில் சம்பளமில்லா விடுப்பில் இருந்தவரும் ஊழியராகவே எண்ணப்பட்டார்.

கேள்வி: ரஷ்யன் தெரியாமல் கஜகஸ்தானில் ஆய்வு செய்யலாமா?

பதில்: மொழி பற்றி மேலே சொல்லிவிட்டேன். அங்கே கஜக்கும் வேண்டும்.

கேள்வி: விசா?

பதில்: தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: "கிழக்கு ஐரோப்பா" என்று போட்டுப் புவியியல் துறைகள் ஆள் எடுப்பது அரிது, பொருளாதாரப் புவியியல், நகரம், வீட்டுவசதி என்றுதான் எடுப்பார்கள். எனவே ஆய்வேட்டின் முதல் இயல், கடன், வீடு, கூலி போன்ற பொது விவாதம் ஒன்றோடு பேச வேண்டும். புள்ளியியலும், ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபட முறையும் கைவசம் இருக்கட்டும். இபிஆர்டி என்னும் ஐரோப்பிய மறுகட்டமைப்பு, வளர்ச்சி வங்கி 2006-இல் தொடங்கிய வீட்டுக் கணக்கெடுப்பின் தரவை வைத்து இப்போதே பயிற்சி எடுக்கலாம். அதற்கு விசா தேவையில்லை.