ஆல் வீல் டிரைவ் இருந்தா விண்டர் டயர் வேணாமா?

கேள்வி: சார், புதுசா ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு வீலுக்கும் இன்ஜின் சக்தி போற கார் எடுத்திருக்கேன். கூட வந்தது ஆல் சீசன் டயர், சைடுல எம் ப்ளஸ் எஸ்னு (M+S, மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) போட்டிருக்கு. பனிக்கு இதுவே போதும், விண்டர் டயர்லாம் தண்டச் செலவுன்னு மச்சான் சொல்றாரு. கேக்கலாமா?

பதில்: மச்சான் சொல்றது பாதி சரிங்க. சிக்னல்ல நின்ன வண்டி பனியில வீல் நின்ன எடத்துலயே வழுக்கிச் சுத்தாம ஜம்முனு கெளம்பும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கெளம்பின வண்டி நிக்கணுமே! நாலு வீலுக்கும் பிரேக் எல்லா கார்லயும்தான் இருக்கு, அந்த இடத்துல ஆல் வீல் டிரைவால ஒரு பிரயோஜனமும் கிடையாது, நிறுத்துறது முழுக்க ரப்பரோட வேலை. நல்லாதான கெளம்புதுங்கிற தைரியத்துல ஆக்சிலேட்டர மிதிக்கிறவங்களப் பாத்தாதான் எனக்கு பயம்.

சம்மர் டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழ இறங்கினாலே விறைக்க ஆரம்பிச்சிடும், ஆல் சீசன் இன்னும் கொஞ்சம் தாங்கும், நல்ல குளிர் வந்தா அதுவும் கைய விரிச்சிடும். விண்டர் டயர் ரப்பர் அந்தக் குளிர்லயும் மெத்துன்னுதான் இருக்கும். அதோட பட்டன்கள, அதாவது ரோட்டத் தொடுற ரப்பர் கட்டிகள உத்துப் பாருங்க, மேல பூரா மெல்லிசு மெல்லிசா கீறல் இருக்கும், ரோட்ல அழுந்துறப்போ அதெல்லாம் விரிஞ்சு பனியக் கவ்விப் பிடிக்கும். டயர் காடியில பனி அடைச்சிருக்கேன்னு சில பேர் குச்சிய வச்சு நோண்டிக்கிட்டு இருப்பாங்க, தேவையே இல்ல, பனியோட பனி நல்லா ஒட்டும், அந்தப் பிடிப்பும் நமக்கு லாபம்தான்.

எம் ப்ளஸ் எஸ்ங்கிறது பட்டன் டிசைன வச்சு கம்பெனியே போட்டுக்கிறது, அத நம்பாதீங்க. மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஒரு பனித்துகள், இந்தப் படம் இருக்கான்னு பாருங்க, பனியில டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனாதான் அதப் போட முடியும். ஆனா கண்ணாடி மாதிரி ஐஸ் இருந்தா இதுவும் வழுக்கும், அங்க ஆணி வச்ச டயர்தான் கேக்கும், அதுக்கு எல்லா ஊர்லயும் அனுமதி இல்ல.

கேள்வி: எங்களுது முன்வீல் இழுக்குற வண்டி. காசு மிச்சம் பண்ண முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தலாமா? பழைய டயர் கெடச்சா வாங்கலாமா?

பதில்: ரெண்டு மட்டும் வேணவே வேணாம். முன்னாடி பிடிச்சு பின்னாடி பிடிக்கலன்னா வளைவுல வண்டியோட பின்பக்கம் வீசி அப்படியே சுத்தி நிக்கும், மாத்துனா நாலும் மாத்துங்க. பழசு வாங்கலாம், ஆனா சைடுல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற நம்பரோட கடைசி நாலு இலக்கத்தப் பாத்துட்டு வாங்குங்க, 3521னா 2021ல 35வது வாரம் செஞ்சது. பட்டன் உயரம் 4 மில்லிமீட்டருக்குக் கொறஞ்சிருந்தா விட்டுடுங்க, சட்டத்துக்கு 1.6 போதும்னு கடைக்காரர் சொல்வாரு, பனிக்குப் பத்தாது. வெப்பநிலை 5, 6 டிகிரி கொறஞ்சா டயர் காத்தும் சுமாரா 1 பிஎஸ்ஐ எறங்கும், அதனால காலையில வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடியே செக் பண்ணிடுங்க.