மொட்டு கருகிய கொடிக்கு ஊக்கி தெளிக்கலாமா?

கேள்வி: உக்ரைனில் நீஸ்தர் கழிமுகத்தை ஒட்டிய சாபோ கிராமத்தில் இரண்டு ஹெக்டேரில் ‘தெல்தி குருக்’ திராட்சை வைத்திருக்கிறேன். சனவரியில் ஓர் இரவு குளிர் மைனஸ் 22 டிகிரிக்கு இறங்கியது. கவாத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார் மொல்டாவியப் பெரியவர்; உடனே வெட்டச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பல்கேரியர்; கடைக்காரரோ மொட்டு ஊக்கி தெளித்துவிட்டு, பட்டுப்போன கொடிகளுக்குப் பதில் ஒட்டுக்கன்று வாங்கச் சொல்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: மொட்டுகளைப் பார்க்காமல் மூவருமே பேசியிருக்கிறார்கள். தோட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் நூறு மொட்டுகள் வரும்படி குச்சிகளை வெட்டி, இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்திருந்து, ஒவ்வொரு மொட்டையும் சவர பிளேடால் குறுக்கே சீவிப் பாருங்கள். நடுவிலுள்ள முதன்மை மொட்டு பச்சையாக இருந்தால் உயிருண்டு; பழுப்பேறியிருந்தால் இல்லை. பாதி செத்திருந்தால் வழக்கத்தைப் போல் இருமடங்கு மொட்டுகளை விட்டுக் கவாத்து செய்யுங்கள்; பெரும்பாலானவை செத்திருந்தால் துளிர் வரும்வரை கத்தியை எடுக்காதீர்கள். செத்த மொட்டை எழுப்பும் ஊக்கி எதுவும் கிடையாது. அந்தப் புட்டியால் பயனடைபவர் அதை விற்பவர் ஒருவரே.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பட்டுப்போன இடத்தில் எதை வைப்பது என்பதுதான். ஒட்டுக்கன்று என்பது, திராட்சை வேரை உறிஞ்சிக் கெடுக்கும் ஃபைலாக்சரா வேர்ப்பேனுக்காக, அதைத் தாங்கும் வேறோர் அடிச்செடியின் மேல் நம் இரகத்தை ஒட்டும் ஏற்பாடு. களிமண் காய்ந்து வெடிக்கும்போது அந்த வெடிப்புகளின் வழியே வேர்விட்டு வேர் தாவும் அப்பூச்சிக்கு, உங்கள் ஊரின் தளர்ந்த மணலில் வழியில்லை. ஒட்டுக்கு மேலே கடுங்குளிரில் செத்தால் அடிச்செடிதான் துளிர்க்கும். சொந்த வேரில் நிற்கும் கொடியோ தரைமட்டம் வரை செத்தாலும் அதே இரகமாகவே எழும். 1822இல் சுவிட்சர்லாந்தின் வோ பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் உங்கள் ஊரில் துருக்கியர் காலத்துத் தோட்டங்களைத்தான் கண்டார்கள். ‘நரிவால்’ என்று பொருள்படும் உங்கள் திராட்சையின் பெயரும் துருக்கியே. ஊரில் மொழிகள் மாறின, இரகம் நிலைத்தது. அதைக் காசு கொடுத்து ஒட்டில் வாங்குவானேன்?

உயிருள்ள பக்கத்துக் கொடியின் திடமான ஓராண்டுக் குச்சியை வசந்தத்தில் ஒன்றரை அடிப் பள்ளத்தில் வளைத்துப் புதைத்து, நுனியில் இரண்டு மொட்டுகளை மட்டும் வெளியே விட்டுப் பதியன் போடுங்கள். களி கலந்த மூலை ஏதேனும் இருந்தால் அங்கே மட்டும் இது வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, பதியன் தன் வேரில் நன்றாக நின்ற பிறகே தாய்க்கொடியிலிருந்து அறுக்க வேண்டும்.